ஷல், மஸ்ட், ஷுட், வில், மே, கேன்: முறையான ஆங்கிலத்தில் எந்த இடத்துக்கு எது?

"விண்ணப்பதாரர் மூன்று நகல்களைக் கொடுக்க வேண்டும்." தமிழில் இது ஒரே வாக்கியம், படிப்பவருக்குக் குழப்பமே இல்லை. இதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ‘ஷல் சப்மிட்’, ‘மஸ்ட் சப்மிட்’, ‘ஷுட் சப்மிட்’, ‘வில் சப்மிட்’, ‘நீட்ஸ் டு சப்மிட்’ என்று ஐந்து வடிவங்கள் முன்னால் வந்து நிற்கும். ஐந்தும் இலக்கணப்படி சரி. ஆனால் விண்ணப்பதாரர் இரண்டு நகல்தான் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மஸ்ட்’ என்று எழுதியிருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய இடம் இருக்கிறது. ‘ஷுட்’ என்றிருந்தால், "அது அறிவுரைதானே, கட்டாயம் இல்லையே" என்று அவர் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ‘வில்’ என்றிருந்தால், அது நிபந்தனையா, நடக்கப்போவதைச் சொல்லும் செய்தியா என்ற சண்டை கிளம்பும்.

அதனால் இந்தத் துணைவினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, "எது அதிக மரியாதையாக ஒலிக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? யாருக்கு ஆகும்?" என்று கேட்க வேண்டும். கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. நம் ‘வேண்டும்’ என்ற ஒரு சொல் கடமை, அறிவுரை, தேவை, விருப்பம் நான்கையும் சுமக்கிறது. ‘-லாம்’ அதைவிட அதிகம் சுமக்கிறது. ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் வாய்ப்பு. ‘நாளைக்குப் பேசலாம்’ என்றால் யோசனை, சில நேரம் நாசூக்கான மறுப்பு. ‘முன்னாடியே சொல்லியிருக்கலாம்’ என்றால் மனக்குறை. பேச்சில் குரலும் சூழலும் பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. எழுத்தில், அதுவும் யாரோ மூன்றாம் மனிதர் இரண்டு வருடம் கழித்து எடுத்துப் படிக்கப்போகும் எழுத்தில், அந்த உதவி கிடையாது. ‘வேண்டும்’ வந்தால் ‘ஷுட்’, ‘-லாம்’ வந்தால் ‘மே’ என்று பழக்கத்தில் கை போகும் இடத்தில்தான் பிழை உட்காருகிறது.

கட்டாயத்தைச் சொல்ல: ஷல், மஸ்ட், வில்

முதலில் ஒரு பழைய பாடத்தை ஓரமாக வைத்துவிடலாம். ‘ஐ’, ‘வீ’ வந்தால் ‘ஷல்’, மற்றவற்றுக்கு ‘வில்’ என்று பள்ளியில் படித்திருப்போம். ஜான் வாலிஸ் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. இன்றைய முறையான எழுத்தில் இதைப் பின்பற்றினால் பெரிய தீங்கில்லை, பயனும் இல்லை. இன்றைக்கு ‘ஷல்’ என்ற சொல்லை ஆவணத்தில் பார்ப்பவர் எதிர்காலத்தை நினைப்பதில்லை, கடமையைத்தான் நினைக்கிறார்.

அப்படியானால் கடமைக்கு ‘ஷல்’லா, ‘மஸ்ட்’டா? ஆவணத்தின் வகையைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தரநிலை ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தரநிலைகளை வகுக்கும் ஐஎஸ்ஓ, ஐஈசி அமைப்புகளின் எழுத்து விதிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலைதான். ‘ஷல்’ என்றால் தரநிலைக்கு இணங்கத் தவறாமல் நிறைவேற்ற வேண்டியது. ‘ஷுட்’ என்றால் பரிந்துரை. ‘மே’ என்றால் அனுமதி. ‘கேன்’ என்றால் சாத்தியம் அல்லது திறன். ‘ஷல்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மஸ்ட்’ எழுதக் கூடாது என்று அந்த விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. சட்டம், இயற்கை விதி மாதிரி, தரநிலைக்கு வெளியிலிருந்து வரும் கட்டாயத்துக்கு மட்டும் ‘மஸ்ட்’டை ஒதுக்கியிருக்கிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் இணைப்பு ஆவணங்களிலும் இதே பழக்கம்தான்: கட்டாயத் தரங்கள் ‘ஷல்’ என்று வரும், பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள் ‘ஷுட்’ என்று வரும்.

இணையத் தொழில்நுட்ப ஆவணங்களுக்குப் போனால் கதை வேறு. இணையத் தொழில்நுட்ப விதிகள் ‘ஆர்எஃப்சி’ என்ற எண்ணிட்ட ஆவண வரிசையில் வெளியாகின்றன. 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119 ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ரிக்வயர்டு’ மூன்றும் ஒரே பொருள் என்று அறிவித்தது. அதில் ஒரு சிக்கல் எழுந்தது. சாதாரண நடையில் சிறிய எழுத்தில் வரும் ‘மஸ்ட்’டும் கட்டாயம்தானா? 2017 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 8174 இதைத் தீர்த்துவைத்தது: முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள், சிறிய எழுத்தில் இருந்தால் வழக்கமான ஆங்கிலப் பொருள். ஆக, ஒரு வீட்டில் ஒன்றுக்கொன்று மாற்றாக வரவே கூடாத இரண்டு சொற்கள், பக்கத்து வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். ஐஎஸ்ஓ தரநிலையை மேற்கோள் காட்டும் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுகிறீர்கள் என்றால் ‘ஷல்’லைத் தவிர வேறு யோசனை வேண்டாம். மென்பொருள் நெறிமுறை எழுதுகிறீர்கள் என்றால் ‘மஸ்ட்’டைப் பெரிய எழுத்தில் போட்டு, எந்த ஆர்எஃப்சியின்படி அந்தச் சொற்களைப் படிக்க வேண்டும் என்பதை ஆவணத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சட்ட எழுத்தில் இது ஒரு நீண்ட விவாதம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு ‘நோ பெர்சன் ஷல் பி டிப்ரைவ்டு’ என்று தொடங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம் ‘ஷல்’லை விலக்கி ‘மஸ்ட்’டுக்கு மாறியது, அங்கே சொத்துரிமைப் பிரிவு ‘நோ ஒன் மே பி டிப்ரைவ்டு’ என்கிறது. இரண்டும் தடைதான். ஆனாலும் இரண்டாவது வடிவம் தர்க்கப்படி இறுக்கமானது. ‘நோ ஒன் ஷல்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் "யாருக்கும் கடமை இல்லை" என்றுகூட வாசிக்க முடியும். ‘நோ ஒன் மே’ என்றால் "யாருக்கும் அனுமதி இல்லை", வேறு வாசிப்புக்கே வழியில்லை. ‘ஷல்’லைக் கட்டாயமென்றும் ‘மே’யை அனுமதியென்றும் பொருள்கொள்ள வேண்டும் எனக் கனடாவின் விளக்கச் சட்டம் தனது 11-ஆவது பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது.

பழைய ஆவணத்தில் இருக்கும் ‘ஷல்’லை அவசரப்பட்டு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளைப் பார்க்கலாம். 2007-இல் அந்த விதிகள் முழுவதையும் எளிய நடைக்கு மாற்றி எழுதியபோது, முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு வழங்குவது பற்றிய 56-ஆவது விதியில் ‘ஷல்’ போய் ‘ஷுட்’ வந்தது. 2010-இல் அதை மறுபடியும் ‘ஷல்’லாகவே திருத்தினார்கள். பல பத்தாண்டுத் தீர்ப்புகள் அந்த ஒரு சொல்லின் மேல் கட்டப்பட்டிருந்தன. சொல்லை மாற்றினால் அளவுகோலே மாறிவிடும் ஆபத்து இருந்தது. உங்கள் நிறுவனத்தின் பழைய ஒப்பந்த மாதிரியைத் திருத்தும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு ஷரத்தில் மட்டும் ‘ஷல்’லை ‘மஸ்ட்’டாக மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், "இரண்டுக்கும் ஏதோ வேறுபாடு இருப்பதால்தானே இரண்டு சொல்" என்ற வாதத்துக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள். மாற்றினால் முழுவதையும் மாற்றுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

புதிதாக எழுதும் ஒப்பந்தத்துக்கு என் பரிந்துரை இது. ஒரு தரப்பு மேல் கடமை சுமத்தும்போது மட்டும் ‘ஷல்’. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ‘ஷல்’ இருக்கும் இடத்தில் ‘ஹேஸ் எ டியூட்டி டு’ என்று போட்டுப் படியுங்கள். ‘தி சப்ளையர் ஹேஸ் எ டியூட்டி டு டெலிவர்’ என்றால் பொருள் நிற்கிறது. ‘திஸ் அக்ரிமென்ட் ஹேஸ் எ டியூட்டி டு பி கவர்ன்டு பை’ என்றால் சிரிப்புதான் வரும், ஒப்பந்தத்துக்கு ஏது கடமை? அங்கே ‘இஸ் கவர்ன்டு பை’ என்று நிகழ்காலமே போதும். ‘டெலிவரி ஷல் மீன்’ என்பது ‘மீன்ஸ்’ ஆக வேண்டும். ‘இஃப் தி பையர் ஷல் ஃபெயில்’ என்பது ‘இஃப் தி பையர் ஃபெயில்ஸ்’ ஆக வேண்டும். இந்தச் சோதனை ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரநிலை ஆவணத்தில் ‘தி என்க்ளோஷர் ஷல் வித்ஸ்டாண்டு’ என்று பொருளே எழுவாயாக வருவது முழுக்கச் சரி. அங்கே ‘ஷல்’ கடமையைக் குறிப்பதில்லை, அந்தப் பொருள் தேற வேண்டிய தேவையைக் குறிக்கிறது.

ஒப்பந்தத்தில் ‘மஸ்ட்’டுக்கும் ஒரு தனி இருக்கை தரலாம். உத்தரவாதத்தின் கீழ் இழப்பீடு கேட்க வேண்டுமானால் வாங்கியவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து. கொடுக்காவிட்டால் அவர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகமாட்டார். அவருக்கு இழப்பீடு கிடைக்காது, அவ்வளவே. இது கடமை இல்லை, நிபந்தனை. இங்கே ‘ஷல்’ எழுதினால் நோட்டீஸ் கொடுக்காததையே மீறல் என்று எதிர்த்தரப்பு தூக்கிக்கொண்டு வரலாம். ‘டு க்ளெய்ம், தி பையர் மஸ்ட் நோட்டிஃபை’ என்று எழுதினால் பொருள் விலகாது.

பொதுமக்கள் படிக்கும் அறிவிப்பு, படிவக் குறிப்பு, பணியாளர் விதி, தேர்வு விதிமுறை எல்லாவற்றுக்கும் ‘மஸ்ட்’. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்க அரசின் எளிய நடை வழிகாட்டுதல்களும் கடமைக்கு ‘மஸ்ட்’டைத்தான் சொல்கின்றன. அன்றாடப் பேச்சில் யாரும் ‘ஷல்’ சொல்வதில்லை என்பதால், அதைப் பார்க்கும் பொதுவாசகர் கட்டாயத்தின் எடையை உணராமல் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். ‘ஹேவ் டு’ அதே பொருளைத் தந்தாலும் பேச்சு நடை. கடிதத்தில் பரவாயில்லை, விதியில் வேண்டாம்.

‘மஸ்ட்’டுக்கு ஒரு குறை இருக்கிறது. அது ஊகத்தையும் சொல்லும். ‘தி வால்வ் மஸ்ட் பி க்ளோஸ்டு’ என்றால் வால்வை மூட வேண்டும் என்பதா, வால்வு மூடித்தான் இருக்கும் என்பதா? பராமரிப்பு அறிக்கையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விபத்தே இருக்கிறது. கட்டளை என்றால் ‘க்ளோஸ் தி வால்வ்’ என்று நேராக ஏவல் வினையில் எழுதுங்கள். ஊகம் என்றால் ‘தி வால்வ் இஸ் ப்ராபப்ளி க்ளோஸ்டு’ என்று எழுதிவிடுங்கள்.

‘வில்’லை எங்கே வைப்பது? கடமை சொல்ல அது பலவீனமானது. ஆனால் எழுதுபவரே செய்யப்போவதையும், தானாக நிகழும் விளைவையும் சொல்ல அதைவிடச் சரியான சொல் இல்லை. ‘அப்ளிகன்ட்ஸ் மஸ்ட் சப்மிட் த்ரீ காப்பீஸ். வீ வில் ரிட்டர்ன் இன்கம்ப்ளீட் அப்ளிகேஷன்ஸ்.’ முதல் வாக்கியம் அவர்கள் செய்ய வேண்டியது, இரண்டாவது நாம் செய்யப்போவது. இந்த இணையைப் பழக்கிக்கொண்டால் பாதிச் சுற்றறிக்கைகள் தெளிந்துவிடும்.

அறிவுரையைச் சொல்ல: ஷுட்

அலுவலக ஆங்கிலத்தில் அதிகச் சேதம் விளைவிக்கும் சொல் இதுதான். மரியாதையாக ஒலிக்கிறது என்பதற்காகக் கட்டாயத்தை ‘ஷுட்’டில் எழுதுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ‘ஆல் ஸ்டாஃப் ஷுட் வேர் ஹெல்மெட்ஸ்’ என்று எழுதிவிட்டு, ஹெல்மெட் போடாதவர்மேல் நடவடிக்கை எடுக்கப் போனால் அந்தச் சொல்லே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கடுமையாகத் தெரியாமல் கட்டாயம் சொல்ல வேண்டுமென்றால் காரணத்தைச் சேர்த்து மென்மையாக்குங்கள், சொல்லைக் குறைத்து மென்மையாக்காதீர்கள்.

‘ஷுட்’டின் சரியான எடை எவ்வளவு என்பதை ஆர்எஃப்சி 2119 அழகாகச் சொல்கிறது: குறிப்பிட்ட சூழலில் இதைச் செய்யாமல் விட நியாயமான காரணம் இருக்கக்கூடும், ஆனால் விடுவதன் விளைவுகளை முழுதாகப் புரிந்து, எடைபோட்டுப் பார்த்த பிறகே விட வேண்டும். அதாவது, "பொதுவாகச் செய்; செய்யாவிட்டால் காரணம் வைத்திரு." உங்கள் மனதில் இருப்பது இதுதான் என்றால் ‘ஷுட்’ எழுதுங்கள். இதைவிட லேசானது என்றால் ‘வீ ரெக்கமண்ட்’ என்பது இன்னும் நேர்மையான வடிவம்.

இன்னொரு பொறி எதிர்பார்ப்பைச் சொல்லும் ‘ஷுட்’. கருவிக் கையேடு ஒன்றில் இப்படி ஒரு வரி வருகிறது: ‘ரீசெட்’ பொத்தானை 5 விநாடி அழுத்தவும், ‘தி கிரீன் லைட் ஷுட் கம் ஆன்’. படிப்பவர் பொத்தானை அழுத்துகிறார். விளக்கு எரியவில்லை. இப்போது அவர் என்ன நினைப்பார்? எரிவது நல்லது, எரியாவிட்டாலும் பரவாயில்லையா? கருவி பழுதா? இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டுமா? ‘ஷுட்’ இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்லவில்லை. ‘தி கிரீன் லைட் கம்ஸ் ஆன் விதின் 10 செகண்ட்ஸ். இஃப் இட் டஸ் நாட், அன்ப்ளக் தி யூனிட்’ என்று நிகழ்காலத்தில் எழுதி, நடக்காவிட்டால் செய்ய வேண்டியதையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால் சந்தேகம் எழவே இடமில்லை. கையேட்டில் ‘ஷுட்’ தென்படும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ‘இஃப் நாட்’ விடுபட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

இறந்தகாலத்திலும் இதே இரட்டைமுகம்தான். ‘தி பார்சல் ஷுட் ஹேவ் அரைவ்டு’ என்றால் "இந்நேரம் வந்திருக்கும்" என்ற நம்பிக்கையாகவும் இருக்கலாம், "வந்திருக்க வேண்டியது, வரவில்லை" என்ற புகாராகவும் இருக்கலாம். புகார்க் கடிதத்தில் ‘தி பார்சல் வாஸ் ட்யூ ஆன் தி 5த் அண்டு ஹேஸ் நாட் அரைவ்டு’ என்று தேதியோடு எழுதுங்கள்.

அனுமதியும் திறனும்: மே, கேன்

இங்கே தேர்வு எளிது, ஒரு இடத்தைத் தவிர. உரிமை அல்லது அனுமதி என்றால் ‘மே’. செய்ய வாய்க்கும், வசதி இருக்கிறது என்றால் ‘கேன்’. ‘யூசர்ஸ் மே டவுன்லோடு தி ரிப்போர்ட்’ என்றால் அனுமதி தரப்பட்டிருக்கிறது. ‘யூசர்ஸ் கேன் டவுன்லோடு தி ரிப்போர்ட்’ என்றால் அந்த வசதி தளத்தில் இருக்கிறது. கொள்கை ஆவணத்துக்கு முதலாவது, பயனர் கையேட்டுக்கு இரண்டாவது. ‘கேன் ஏபிள் டு’ என்பதைப் பலர் எழுதுகிறார்கள்; ‘கேன்’ ஏற்கெனவே திறனைச் சொல்லிவிட்டதால் ‘ஏபிள் டு’ மிகை. எதிர்காலத் திறனுக்கு ‘வில் பி ஏபிள் டு’.

அந்த ஒரு இடம், ‘மே’ அனுமதியா, வாய்ப்பா என்று தெரியாத இடம். ‘தி சப்ளையர் மே ரிவைஸ் தி ப்ரைஸ்’ என்று டெண்டரில் வந்தால், விலையை மாற்ற விற்பவருக்கு உரிமை இருக்கிறது என்று அவர் படிப்பார். மாறினாலும் மாறலாம் என்ற எச்சரிக்கை என்று வாங்குபவர் படிப்பார். பணம் சம்பந்தப்பட்ட வரியில் இதை விட்டுவைக்கவே கூடாது. உரிமை என்றால் ‘இஸ் என்டைட்டில்டு டு’. வாய்ப்பு என்றால் ‘மைட்’, அல்லது ‘தி ப்ரைஸ் இஸ் லைக்லி டு சேஞ்ச்’. உரிமை தரும்போது அதன் எல்லையையும் சேர்க்க வேண்டும்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை சதவீதம் வரை.

எதிர்மறையில் வரும் வினை

உடன்பாட்டு வாக்கியத்தில் ஒன்றுபோல இருக்கும் சொற்கள் ‘நாட்’ சேர்ந்ததும் திசை மாறிப் போகின்றன. ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் உறவினர்கள்; ஆனால் ‘மஸ்ட் நாட்’ என்றால் செய்யக் கூடாது, ‘டு நாட் ஹேவ் டு’ என்றால் செய்யத் தேவையில்லை. தமிழில் ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்று நாம் தெளிவாகவே பிரிக்கிறோம். அப்படியும் ‘வேண்டாம்’ என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் மொழிபெயர்க்கும்போது வழுக்குகிறது. "கட்டணம் செலுத்த வேண்டாம்" என்பதை ‘மஸ்ட் நாட் பே’ என்று எழுதினால் செலுத்துவதே குற்றம் என்றாகிவிடும். ‘நீட் நாட் பே’ அல்லது ‘நோ ஃபீ இஸ் பேயபிள்’ என்பதே சரி.

‘மே நாட்’ என்பதைத் தடைக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பேன். ‘விசிட்டர்ஸ் மே நாட் என்டர் தி லேப்’ என்பதில் தடை தெரிகிறது. ஆனால் ‘தி டைரக்டர் மே நாட் அப்ரூவ் தி ரிக்வெஸ்ட்’ என்பதில்? ஒப்புதல் தர அதிகாரம் இல்லையா, தராமலும் போகலாமா? ஐஎஸ்ஓ விதிகளும் தடைக்கு ‘மே நாட்’ கூடாது, ‘ஷல் நாட்’ எழுது என்றே சொல்கின்றன. அதிகாரம் இல்லை என்றால் ‘ஷல் நாட்’ அல்லது ‘மஸ்ட் நாட்’. தராமலும் போகலாம் என்றால் ‘மைட் நாட்’ அல்லது ‘மே டிக்லைன் டு அப்ரூவ்’.

‘ஆல்’ என்று தொடங்கி ‘நாட்’டில் முடிக்கும் வாக்கியம் இன்னொரு கண்ணி. ‘ஆல் அப்ளிகேஷன்ஸ் வில் நாட் பி அக்செப்டட்’ என்றால் எதையும் ஏற்கமாட்டார்களா, சிலவற்றை மட்டும் ஏற்பார்களா? ‘நோ அப்ளிகேஷன் வில் பி’ என்றோ, ‘நாட் ஆல் அப்ளிகேஷன்ஸ் வில் பி’ என்றோ முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.

ஆய்வெழுத்தில்: கேன், மே, மைட், குட்

இங்கே கேள்வி கொஞ்சம் மாறுகிறது. கட்டளையை விட்டுவிட்டு, நம் கூற்றுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறோம் என்று பார்க்கிறோம். ஒரு மருந்து தூக்கக் கலக்கம் தருவதைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘காசஸ் ட்ரவுசினஸ்’ என்றால் தருகிறது, வழக்கமாகத் தருகிறது. ‘கேன் காஸ்’ என்றால் தரும் தன்மை நிரூபணமாகிவிட்டது, எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு நிச்சயம் நடக்கிறது. ‘மே காஸ்’ என்றால் தரக்கூடும். சான்று இருக்கிறது, முடிந்த முடிவாக இல்லை. ‘மைட் காஸ்’ என்றால் சான்று மெலிது. ‘குட் காஸ்’ என்பதில் ஒரு கருதுகோளின் நிறம் இருக்கிறது: இப்படி நிகழ வழி உண்டு, நிகழ்ந்ததாக இன்னும் காட்டவில்லை. ‘மே’க்கும் ‘மைட்’டுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு, பல எழுத்தாளர்கள் மதிப்பதே இல்லை. ‘கேன்’னுக்கும் ‘மே’க்கும் இடையில் இருப்பதுதான் நிஜமான பள்ளம். தரவு காட்டியதற்கு ‘கேன்’, தரவு சுட்டுவதற்கு ‘மே’ என்று பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு வாக்கியத்தில் ஒரு தயக்கம் மட்டும். ‘மே பாசிப்ளி’, ‘மைட் பொட்டன்ஷியலி’, ‘சஜெஸ்ட்ஸ் தட் இட் மே பெர்ஹாப்ஸ்’ என்று அடுக்கினால் பணிவு கூடுவதில்லை, ஆசிரியருக்குத் தம் முடிவில் நம்பிக்கையே இல்லை என்று தெரிகிறது. ‘சஜெஸ்ட்ஸ் தட்’ எழுதிவிட்டால் அடுத்து வரும் வினையை நேராக எழுதுங்கள்.

ஆய்வுக் கட்டுரையின் முறைகள், முடிவுகள் பகுதிகளில் ‘குட்’டை விலக்குவது நல்லது. ‘வீ குட் நாட் டிடெக்ட் லெட்’ என்றால் ஈயம் இருந்தும் கருவியால் கண்டுபிடிக்க முடியவில்லையோ என்ற ஐயம் ஒட்டிக்கொள்கிறது. ‘வீ டிட் நாட் டிடெக்ட் லெட்’ என்று எழுதி, கண்டறியும் கீழ் எல்லையையும் எண்ணில் கொடுங்கள். உடன்பாட்டிலும் ஒரு நுணுக்கம்: கடந்தகாலத்தில் ஒரு முறை சாதித்ததைச் சொல்ல ‘குட்’ பொருந்தாது. ‘வீ குட் ஐசொலேட் தி காம்பவுண்ட்’ என்றால் பிரிக்கும் திறன் இருந்தது என்றோ, இனிமேல் பிரிக்கலாமே என்ற யோசனை என்றோ ஒலிக்கும். பிரித்தே முடித்தோம் என்று வராது. ‘வீ ஐசொலேட்டட்’ என்று நேராக எழுதுங்கள். பெரும்பாடுபட்டுப் பிரித்தீர்கள் என்றால் ‘வேர் ஏபிள் டு ஐசொலேட்’.

கடிதத்தில்: வில், வுட்

‘வுட்’ மரியாதைச் சொல் என்ற எண்ணத்தில் எல்லா எதிர்காலத்துக்கும் அதைப் போடும் வழக்கம் இருக்கிறது. ‘தி மீட்டிங் வுட் பி ஹெல்டு ஆன் மண்டே’ என்று படிக்கும் வெளியாள், "ஏதோ நிபந்தனை இருக்கிறது போல, எது நடந்தால் திங்களன்று நடக்கும்?" என்று காத்திருப்பார். முடிவான நிகழ்ச்சிக்கு ‘வில் பி ஹெல்டு’. ‘வுட்’டுக்கு உரிய இடங்கள் மூன்றுதான்: வேண்டுகோள் (‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்’), நடக்காத அல்லது நிபந்தனையுள்ள நிலை, கடந்தகாலத்தில் நின்று சொல்லும் எதிர்காலம். வேண்டுகோளில் ‘கேன் யூ’வைவிட ‘குட் யூ’ ஒரு படி பணிவு. ‘குட் யூ ப்ளீஸ் சென்டு’ என்பது எந்த அலுவலகக் கடிதத்துக்கும் போதும். அதற்கு மேல் அடுக்க வேண்டியதில்லை.

ஒரு ஷரத்தைத் திருத்திப் பார்ப்போம்

கீழே இருப்பது மாதிரிக்காக எழுதிய பணி ஒப்பந்தப் பகுதி. ஐந்து வாக்கியம், நான்கில் குறை.

‘தி கான்ட்ராக்டர் வில் கம்ப்ளீட் தி வொர்க் பை 30 ஜூன்.’ இது வாக்குறுதியா, கால அட்டவணையா என்று தெரியவில்லை. ‘ஷல் கம்ப்ளீட்’ ஆக வேண்டும்.

‘தி க்ளையன்ட் மே இன்ஸ்பெக்ட் தி சைட்.’ உரிமை தெளிவு, சொல்லை மாற்ற வேண்டாம். முன்னறிவிப்பு நேரம் மட்டும் சேர்க்கலாம்.

‘பேமென்ட் ஷல் பி மேடு விதின் 15 டேஸ்.’ சொல் சரி, எழுவாய் தவறு. கடமை பணத்தின் மேல் விழுந்திருக்கிறது, கொடுக்க வேண்டியவர் காணவில்லை. 15 நாள் எந்த நாளிலிருந்து என்பதும் இல்லை. ‘தி க்ளையன்ட் ஷல் பே ஈச் இன்வாய்ஸ் விதின் 15 டேஸ் ஆஃப் ரிசீவிங் இட்.’

‘டிஸ்ப்யூட்ஸ் ஷுட் பி ரெஃபர்டு டு ஆர்பிட்ரேஷன்.’ ஐந்தில் மிக ஆபத்தானது இது. நடுவரிடம் போவது கட்டாயம் என்று எழுதியவர் நினைத்திருப்பார். எழுத்தில் இருப்பது அறிவுரை. தகராறு வந்தபிறகு ஒரு தரப்பு நடுவரை நாட, மறு தரப்பு நேராக நீதிமன்றம் போக, அசல் தகராறுக்கு முன்னால் இந்த ‘ஷுட்’ பற்றியே ஒரு தகராறு நடக்கும். ‘தி பார்ட்டீஸ் ஷல் ரெஃபர் எனி டிஸ்ப்யூட் டு ஆர்பிட்ரேஷன்.’

‘தி கான்ட்ராக்டர் மே நாட் அசைன் திஸ் கான்ட்ராக்ட்.’ ‘ஷல் நாட் அசைன்’ என்று மாற்றி, யாருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இருந்தால் விலக்கு என்பதையும் சேர்க்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன்

வரைவு முடிந்ததும் கண்ணால் மட்டும் வாசித்தால் இந்தச் சின்னச் சொற்கள் பிடிபடாது. எழுதுசெயலியின் தேடல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முதலில் ‘ஷுட்’: செய்யாவிட்டால் நடவடிக்கை உண்டா? உண்டு என்றால் மாற்றுங்கள். அடுத்து ‘மே நாட்’: ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பிறகு ‘ஷல் பி’: எழுவாய் யார், செய்பவர் வாக்கியத்தில் இருக்கிறாரா? பிறகு ‘வில்’: அந்த வரி நம்மைப் பற்றியதா, அவர்களைப் பற்றியதா? கடைசியாக ‘வுட்’: பக்கத்தில் ஒரு ‘இஃப்’ அல்லது ஒரு வேண்டுகோள் இருக்கிறதா? பத்துப் பக்க ஆவணத்துக்கு இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடமைக்கு ‘ஷல்’, ‘மஸ்ட்’ இரண்டும் கலந்து வந்திருப்பது இந்தத் தேடலில்தான் தெரியவரும். பல பேர் சேர்ந்து எழுதி, பழைய கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டிய ஆவணம் என்றால் அந்தக் கலப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடுங்கள்.